ரோபோ டீமுக்கு நடக்குற புரோகிராமிங் ஒர்க்‌ஷாப்: மனசுல தங்கிப்போன சம்பவம் இருந்தா சொல்லுங்க

பழைய கேப்டன்:
காலேஜ் டீம், போட்டிக்கு முந்தின செமஸ்டர். ஜூனியர்ஸுக்கு என்கோடர் (சக்கரம் எவ்வளவு சுத்துச்சுன்னு எண்ணுற சென்சார்), பிஐடி (இலக்குக்கு ஏத்த மாதிரி வேகத்தைச் சரிபண்ற முறை) ஒர்க்‌ஷாப். வெளியிலேருந்து வந்த டிரெய்னர் ஸ்கிரீன்ல புரோகிராம் கோடு அடிச்சுக் காட்டினார், எல்லாரும் பாத்து அடிச்சாங்க, ரோபோவை, அதாவது பாட்டை, காரிடார்ல விட்டோம். 3 மீட்டர் குடுத்தா அழகா வேகம் குறைஞ்சு நிக்குது. 5 மீட்டர் குடுத்தா, நிக்க வேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னாடி திடீர்னு முழு வேகத்துல பாஞ்சு சுவத்துல முட்டுது. "நாய்ஸ்தான், சிக்னல்ல குப்பை கலக்குது. ஒயரை முறுக்கி விடுங்க"ன்னார். மத்தியானம் பூரா ஒயர் முறுக்கினோம்.

பாட் பின்னாடியே ஓடிட்டிருந்த முதல் வருஷப் பொண்ணு ஒருத்தி சொன்னா: "சார், நாய்ஸ்னா கண்ட இடத்துல வரணும்ல? இது எப்பவும் இந்த உடைஞ்ச டைல்கிட்டதான் பாயுது." அவர் திரும்பிக்கூடப் பாக்கல. "தள்ளி நில்லும்மா, கால்ல ஏறிடப் போகுது."

ராத்திரி உக்காந்து கணக்குப் போட்டேன். சக்கரம் ஒரு சுத்துக்கு என்கோடர் எண்ணுறது 2400 கவுன்ட், விட்டம் 10 செ.மீ. 32767 கவுன்ட்னா 4.29 மீட்டர். டைல் சரியா அங்கதான் இருக்கு. டார்கெட்டை லாங்ல (பெரிய எண் பிடிக்கிற வகை) வச்ச மனுஷன் கவுன்ட்டை இன்ட்ல (சின்ன எண் வகை) வச்சிருக்கார். எங்க போர்டு ஆர்டுயினோ மெகா. அதுல இன்ட் 16 பிட்தான், 32767 தாண்டினா மைனஸ் 32768 ஆயிடும். இன்னும் 71 ஆயிரம் கவுன்ட் பாக்கின்னு பாட் நினைச்சா பாயாம என்ன பண்ணும்? இன்ட்ங்கற ஒரு வார்த்தையை லாங்னு மாத்தினதும் சரியாயிடுச்சு. அந்தப் பொண்ணு மறுநாள் வரல, டீமை விட்டுட்டா. நீ சொன்னதுதான் சரின்னு மெசேஜ் போட்டேன். "ஓகே அண்ணா"ன்னு வந்துச்சு, அவ்வளவுதான்.

சர்க்யூட் சாமி:
இதுக்குத்தான் இன்னும் மெகாவைக் கட்டிக்கிட்டு அழாதீங்கன்னு சொல்றது. இஎஸ்பி32 போர்டுல இன்ட் 32 பிட். இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

என் அனுபவம் சின்னது. ஒர்க்‌ஷாப் நடத்தப் போன இடத்துல எல்லாம் குளோன் போர்டு (ஆர்டுயினோவோட நகல்), அதை லேப்டாப்புக்கு அடையாளம் காட்டுற சிஎச்340 டிரைவர் சாஃப்ட்வேர் யார் லேப்டாப்லயும் இல்ல, வைஃபையும் இல்ல. டீ டைம் வரைக்கும் போர்ட் லிஸ்ட் காலியாவே கிடந்தது. அதுலேருந்து டிரைவரை பென்டிரைவ்ல போட்டுக்கிட்டுத்தான் கிளம்புறது.

அப்புறம் கேப்டன் தம்பி, லாங்கா மாத்தினதோட விட்டீங்களா? பத்தாது. மெகா 8 பிட் சிப். நாலு பைட் எண்ணை ஒவ்வொரு பைட்டாத்தான் படிக்கும். ரெண்டு பைட் படிச்ச நேரத்துல இன்டரப்ட் (நடக்குற வேலையை நிறுத்திட்டு நடுவுல ஓடுற சின்னக் கோடு) வந்து கவுன்ட்டை மாத்திட்டா, பாதி பழசு பாதி புதுசா ஒரு எண் கையில கிடைக்கும். எப்பவாவது ஒரு தடவை பாட் உதறும், காரணமே புரியாது. கவுன்ட்டை வோலடைல்னு (எப்ப வேணா மாறும், ஒவ்வொரு தடவையும் புதுசாப் படின்னு) அறிவிக்கணும். படிக்கிறதுக்கு முன்னாடி இன்டரப்ட்டை நிறுத்தி, வேற ஒரு வேரியபிள்ல காப்பி எடுத்துட்டு, உடனே திரும்ப விடணும். கணக்கெல்லாம் காப்பியை வச்சுத்தான். இன்டரப்ட்டுக்குள்ள சீரியல் பிரின்ட் போடுறவங்களை நான் மன்னிக்கிறதே இல்ல. மோட்டாரை ஓட்டுற டிரைவர் சர்க்யூட்டோட கிரவுண்டையும் போர்டு கிரவுண்டையும் சேத்தீங்களான்னும் பாருங்க.

பழைய கேப்டன்:
சேத்திருக்கோம் அண்ணா. நான் கேட்டது அது இல்ல.

நியூஜெர்சி அம்மா:
சாமி சார், ஒரு பொண்ணு விலகிப் போனதை அவர் சொல்றார், நீங்க போர்டை மாத்தச் சொல்றீங்க. இன்ட் 32 பிட்டா இருந்தா அன்னைக்கு பக் வந்திருக்காது, சரி. வேற ஒரு பக் வந்திருக்கும். அப்பவும் அவளைத் தள்ளி நிக்கத்தான் சொல்லியிருப்பார்.

இங்க என் பையன் எஃப்டிசி (ஃபர்ஸ்ட் டெக் சேலஞ்ச்னு பள்ளிப் பிள்ளைங்களுக்கான ரோபோ போட்டி) டீம்ல இருக்கான். சீசன் ஆரம்பத்துல பிள்ளைங்களுக்கு ஜாவா ஒர்க்‌ஷாப் வச்சோம். நம்ம ஊர் அப்பா ஒருத்தர், சாஃப்ட்வேர்ல பெரிய பொறுப்பு, உதவி பண்றேன்னு வந்து லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பிக்கிட்டார். ஆட்டோனமஸ், அதாவது ரோபோ தானா ஓடுற பகுதி, மொத்தமே 30 செகண்டு. அதுக்கு அவர் எழுதினது ஏகப்பட்ட கிளாஸ், இன்டர்ஃபேஸ். பாக்க அழகாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். பிள்ளைங்க சிப்ஸ் சாப்பிட்டுக்கிட்டு ஸ்கிரீனைப் பாத்தாங்க. அவர் பொண்ணு மெதுவா கேட்டா, "அப்பா, இதுல எந்த லைனை மாத்தினா ரோபோ லெஃப்ட்ல திரும்பும்?" "அதை மட்டும் தொட்டுடாதம்மா"ன்னார்.

அவ ஒண்ணும் பேசல. பக்கத்து டேபிளுக்குப் போய், இன்னொரு லேப்டாப்ல கட்டை கட்டையா ஒட்டி புரோகிராம் பண்ற பிளாக்ஸைத் திறந்து, நாலு கட்டையை ஒட்டி, ரோபோவை லெஃப்ட்ல திருப்பினா. ரூம்ல இருந்த பிள்ளைங்க எல்லாரும் அந்த டேபிளுக்குப் போயிட்டாங்க. அவர் இன்னும் டைப் பண்ணிக்கிட்டே இருந்தார். போட்டியில ஜட்ஜஸ் கேள்வி கேக்கப்போறது பிள்ளைங்ககிட்ட, இவர்கிட்ட இல்ல. அதை அவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

சர்க்யூட் சாமி:
பிளாக்ஸ் எல்லாம் ரெண்டு வாரத்துக்குத்தான்மா. அப்புறம் ஜாவாவுக்கு வந்துதான் ஆகணும்.

கணக்கு டீச்சர்:
வரட்டும் சார், ரெண்டு வாரம் கழிச்சே வரட்டும்.

எங்களது அரசுப் பள்ளி. ரோபோ கிட் வந்தது, ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறியது, பீரோவுக்குள் போனது. பயிற்சிக்கு ஆள் வந்த அன்றுதான் திறந்தோம். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தூரம் அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரைத் தொடாமலே, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். "எடுத்துப் பாருடா" என்றேன். "உடைஞ்சா ரெஜிஸ்டர்ல என் பேரு எழுதுவீங்களா டீச்சர்?" என்று கேட்டான்.

நாற்பது பிள்ளைகளுக்கு ஓடுகிற லேப்டாப் ஒன்றுதான். அதனால் மத்தியானம் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டு, ஒருவன் கண்ணைக் கட்டி ரோபோ ஆக்கினோம். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு கட்டளை. 'முன்னால் போ' என்று எழுதியவள் எத்தனை அடி என்று எழுதவில்லை. அவன் நேராகப் போய் வேப்பமரத்தில் முட்டிக்கொண்டான். 'தடை வந்தால் நில்' எதற்கு என்று அதன் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரெஜிஸ்டர் கேள்விக்குத்தான் நான் இன்னும் பதில் சொல்லவில்லை.

கடைசி பெஞ்ச்:
டீச்சர், அருமை. நம்ம கதை காமெடி.

லைன் ஃபாலோயர் (தரையில இருக்குற கறுப்புக் கோட்டைத் தொடர்ந்து போற ரோபோ) ஒர்க்‌ஷாப். லேப்ல டியூப் லைட் வெளிச்சம், சென்சார் மதிப்பு 500-க்கு மேல போனா கறுப்பு, கீழ இருந்தா வெள்ளைன்னு சார் சொன்னார். ஏன் 500-னு யாரும் கேக்கல. எல்லா டீம் புரோகிராம்லயும் அதே 500. போட்டி ஷாமியானாவுல. சாயங்காலம் வெயில் சரிஞ்சு டிராக் மேல விழுந்ததும், வெயில்ல இருக்குற இன்ஃப்ராரெட்ல சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையாத் தெரிய ஆரம்பிச்சிருச்சு. ஒவ்வொரு பாட்டா கோட்டை விட்டு வெளிய போகுது. ஒரு டீம் மட்டும் ஓட்டத்துக்கு முன்னாடி பாட்டைக் கோட்டு மேல இப்படி அப்படி ஆட்டி, அதிகபட்சம் குறைஞ்சபட்சம் எடுத்து, நடுவுல புது எல்லை வச்சுக்கிட்டாங்க. ஜெயிச்சது அவங்கதான்.

எங்க டீம்ல புரோகிராம் மாத்த நேரம் இல்ல. எங்க ஆளு ஒருத்தன் குடையை விரிச்சு, பாட் கூடவே குனிஞ்சு நடந்தான். பாட் கோட்டை விடவே இல்ல, சத்தியமா! பாதி டிராக்ல நடுவர் நிறுத்தி, குடையும் ரோபோவோட பாகமான்னு கேட்டார். "ஆமா சார், அவுட்புட் டிவைஸ்"ன்னான். டிஸ்குவாலிஃபை.

சர்க்யூட் சாமி:
குடை இன்புட் பக்கம்தானே வரும்?