மகோமே–த்சுமாகோ நடை: பழைய ஊரா, சினிமா செட்டா?

குறிஞ்சிநடை:
ஜப்பான் போகிறவர்கள் திட்டம் போடும்போதெல்லாம் கிசோ பள்ளத்தாக்கில் மகோமேயிலிருந்து த்சுமாகோ வரை 8 கிலோமீட்டர் நடப்பதாகச் சொல்கிறார்கள். வேண்டாம் என்பேன். மகோமே 1895-லும் 1915-லும் தீயில் எரிந்த ஊர். இன்று படம் பிடிக்கிற வீடுகளில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு கட்டியவை. த்சுமாகோவிலோ மின்கம்பி கண்ணில் படாது, பகலில் கடைத்தெருவில் கார் வராது. இதற்குப் பெயர் சினிமா செட். அந்தக் காலத்து எதோவையும் (இன்றைய டோக்கியோ) கியோத்தோவையும் மலை வழியாக இணைத்த நகாசென்டோ சாலையில் சத்திர ஊர்கள் மட்டும் 69. எல்லோரும் ஏன் இந்த இரண்டிலேயே போய் நிற்க வேண்டும்?

தேவி_நகோயா:
செட் என்ற சொல்லைக் கடுமையாக மறுக்கிறேன். 1911-ல் கிசோ வழியாக ரயில் பாதை முழுமையானபோது த்சுமாகோ ஒதுங்கிப்போனது. வண்டியும் வரவில்லை, வியாபாரமும் இல்லை. இளைஞர்கள் வெளியேற, வீடுகள் இடியத் தொடங்கின. 1968-ல் பழுதுபார்க்கும் வேலை ஆரம்பித்தது. 1971-ல் ஊர்மக்களே கூடி விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம் என்று சாசனம் எழுதிக்கொண்டார்கள். 1976-ல் அரசு முதன்முதலில் பாதுகாப்பு அளித்த பழைய ஊர்களில் இதுவும் ஒன்று. செட்டில் யாரும் குடியிருப்பதில்லை. இங்கே சோறு பொங்குகிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள்.

குறிஞ்சிநடை:
சாசனத்தை மதிக்கிறேன். ஆனால் பேருந்தில் வந்து இறங்குகிறவருக்கு அதில் எதுவும் தெரிவதில்லை. கோஹெய் மோச்சி என்ற சுட்ட அரிசிப் பண்டம் ஒரு குச்சி, நாலு படம், திரும்புகிறார். இந்தச் சாலை எவ்வளவு கொடுமையானது என்று யார் சொல்கிறார்கள்? பிரபுக்களின் ஊர்வலங்களுக்குச் சுமை தூக்க ஆளும் குதிரையும் அனுப்பியே பக்கத்துக் கிராமங்கள் நொந்துபோயின. 1861-ல் இளவரசி கசுனோமியா, நாட்டை ஆண்ட படைத்தலைவரான ஷோகுனை மணக்க இதே வழியில்தான் போனார். அந்தப் பரிவாரத்துக்கு ஈடுகொடுக்க இந்த ஊர்கள் என்ன பாடு பட்டிருக்கும்! கிசோ ஃபுகுஷிமா சோதனைச் சாவடியில் எதோவுக்குள் துப்பாக்கி போகாமலும், அங்கிருந்து பெண்கள் தப்பி வெளியேறாமலும் காவல் இருந்தது. தடுக்கப்பட்ட பெண்கள் பிரபுக்களின் மனைவியர், ஷோகுன் எதோவில் பிணையாக வைத்திருந்தவர்கள். கடைத்தெரு அழகில் இதெல்லாம் மறைந்துவிடுகிறது.

வழிப்போக்கன்_வெங்கட்:
மறைந்துவிடுகிறது என்பது சரியில்லை நண்பரே. த்சுமாகோவில் ஒகுயா என்ற பெரிய வீடு இருக்கிறது, துணைச் சத்திரமாக இருந்தது. இப்போது நிற்கும் கட்டடம் 1877-ல் எழுந்தது. அதற்கு முன் கிசோவில் ஹினோகி என்ற ஜப்பானிய சைப்ரஸ் மரத்தில் குடிமக்கள் கை வைக்க முடியாது. ஒரு மரத்துக்கு ஒரு தலை என்பார்கள். தடை போனதும் அந்தக் குடும்பம் முழு ஹினோகியில் வீடு கட்டியது. சாலையின் பொற்காலம் முடிந்த பிறகு கட்டிய வீடுதான், ஆனாலும் மரம் வெட்டியவன் தலை போன காலத்தை அந்தத் தூண்கள் நன்றாகவே சொல்கின்றன. கட்டிய வருடத்தை வைத்து உண்மை, பொய் என்று பிரித்தால் இதைத் தவறவிடுவோம். மகோமேக்கும் அதேதான். எரிந்தாலும் ஊர் அதே மலைச்சரிவில் அதே சாலையோரம் எழுந்து நிற்கிறதே!

குறிஞ்சிநடை:
நல்ல உதாரணம், ஒகுயாவைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனாலும் நடப்பதற்கு நான் கைகாட்டுவது அதே சாலையில் யபுஹாராவிலிருந்து தொரீ கணவாய் ஏறி நராய் இறங்கும் வழியைத்தான். கணவாயின் உயரம் 1,197 மீட்டர். இரு முனையிலும் ரயில் நிலையம் உண்டு, பேருந்துக்குக் காத்திருக்க வேண்டாம். நராய் கடைத்தெரு மட்டுமே ஒரு கிலோமீட்டர் நீளம்.

தேவி_நகோயா:
அந்த நராய் 1978-ல் அதே சட்டப் பாதுகாப்புக்குள் வந்த ஊர். த்சுமாகோ முன்னால் போய்க் காட்டிய வழிதான் அது. ஒன்றை செட் என்றும் மற்றதை அசல் என்றும் எப்படிச் சொல்வீர்கள்? உங்கள் குறை கூட்டத்தின் மீது என்றால் அதற்கு வழி இருக்கிறது: த்சுமாகோவில் ஓர் இரவு தங்குங்கள். மகோமேயிலிருந்து நடந்தால் ஏற்றமும் குறைவு, கணவாய் சுமார் 800 மீட்டர்தான். பாதி வழியில் பழைய தேநீர் வீட்டில் தன்னார்வலர்கள் இலவசமாகத் தேநீர் தருவார்கள். உட்கார்ந்து அவர்களோடு பேசிப் பாருங்கள், இந்த ஊரை யார் நடத்துகிறார்கள் என்று புரியும்.

குறிஞ்சிநடை:
தங்குகிறவருக்கு த்சுமாகோ, ஒரே பகலில் திரும்புகிறவருக்கு நராய். இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன். எந்தப் பக்கம் போனாலும், கரடிகளை விலக்க வழியில் தொங்கும் மணிகளை ஒவ்வொரு இடத்திலும் நன்றாக அடித்துவிட்டுப் போங்கள்.