மொட்டை மாடி மர ரூம்: தரையோரம் தண்ணி வந்தவங்க உங்க கதையையும் சொல்லுங்க

நங்கநல்லூர்:
அப்பாவோட புத்தகங்களுக்காக 2022-ல மொட்டை மாடியில பத்துக்குப் பன்னிரண்டு மர ரூம் போட்டோம். 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல் அன்னிக்கு ராத்திரி கரண்ட் இல்லை. டார்ச் அடிச்சுப் பார்த்தா தெற்குச் சுவரோரமா தரையில கோடு போட்ட மாதிரி ஈரம். கூரை ஒழுகலை, ஜன்னலும் ஒழுகலை. சுவரோட அடிச் சட்டம் கான்கிரீட்ல உட்கார்ற இடத்துலேர்ந்து தண்ணி கசிஞ்சு வருது. விடிய விடிய பழைய வேட்டியால ஒத்திப் பக்கெட்டுல பிழிஞ்சேன்.

ஹார்ட்வேர் கடைக்காரர் சிலிக்கான் கொடுத்தார். வெளிப்பக்கம் மூணு டியூப் இழுத்தேன். வெயில் ஏறினதும் பாம்புச் சட்டை மாதிரி மொத்தமா உரிஞ்சு கையோட வந்துச்சு. மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும், கான்கிரீட் அப்படியே நிக்கும். போதாததுக்கு நான் பூசினது தூசி மேல. அடுத்து மேஸ்திரி சிமென்ட் பால் ஊத்தினார். ஒரே மாசத்துல மயிரிழை விரிசல்.

கடைசியா வந்த ஆசாரி எதையும் பூசலை. உள்ளே சுவரோரமா செய்தித்தாளை வரிசையா விரிக்கச் சொல்லிட்டு, வெளியே ஹோஸ் பைப்பைப் பிடிச்சார். மேலேர்ந்து அடிச்சா வழிஞ்சு எல்லா இடமும் நனையும், எங்கே நுழையுதுன்னே தெரியாதுன்னு கீழேர்ந்து ஆரம்பிச்சார். முதல்ல தட்டோட்டுல மட்டும் தண்ணி விட்டார். பத்து நிமிஷத்துல உள்ளே ரெண்டு இடத்துல பேப்பர் கறுத்துச்சு. ரெண்டுமே ஆங்கர் போல்ட்டுக்கு, அதாவது சட்டத்தைக் கான்கிரீட்டோட பிடிச்சு நிறுத்துற போல்ட்டுக்கு, நேர் கீழே! சட்டத்துக்கு அடியில புகுந்த தண்ணி, போல்ட் ஓட்டை வழியா ஏறி உள்ளே இறங்கியிருக்கு. அதைவிடப் பெரிய தப்பு எங்களோடது. மாடி வாட்டம் மழைநீர்க் குழாயைப் பார்த்து இருக்கு, நாங்க அந்தக் குழாய்க்குப் போற வழியை மறிச்சு ரூமைக் கட்டி வச்சிருக்கோம். தண்ணிக்குப் போக வேற வழி?

நாலு ஜாக்கி வச்சு ரூமைத் தூக்கினோம். (கீழ் வீட்டு மாமி படியேறி வந்து வேடிக்கை பார்த்தாங்க.) தட்டோட்டைக் கொத்தி, சுத்திவர 6 அங்குல உயரத்துக்குக் கான்கிரீட் கட்டை வார்த்து, அது நல்லாக் காய்ஞ்சதும் மேலே இடுக்கை அடைக்க ஃபோம் பட்டை, அதுக்கு மேல சட்டம். போல்ட் ஓட்டையை அடைக்கப் பாலியூரித்தேன் சீலன்ட் பசை. வெளிப்பலகையைக் கட்டையோட மேல் விளிம்புக்குக் கொஞ்சம் கீழ வரைக்கும் இறக்கி, நடுவுல தகடு மடிச்சு விட்டோம், வழியிற தண்ணி வெளியே சொட்டுற மாதிரி. குழாய்க்கும் தனி வழி வெட்டியாச்சு. வாசப்படி உயர்ந்துபோச்சுன்னு அப்பாவுக்கு மட்டும் இன்னும் கோபம்.

பெசன்ட் நகர்:
சீலன்ட் சரி, போல்ட் என்ன போல்ட் சார்? எங்க வீட்டுல ஜிஐ, துத்தநாகம் பூசின இரும்பு. கடல் காத்துல துரு ஏறி, அது ஊதிக் கான்கிரீட் கட்டையையே பிளந்துடுச்சு. இப்ப 316 ஸ்டெயின்லெஸ், உப்புக் காத்தைத் தாங்குற ரகம். பாரிமுனையில ரெண்டு நாள் அலைஞ்சேன். இன்னொண்ணு: மரம் மக்காம இருக்கத் தாமிரம் கலந்த மருந்து ஏத்தியிருந்தா அலுமினியத் தகடு அதுல நேரா படக்கூடாது, அரிச்சிடும்.

தாம்பரம்:
பொண்ணு சியாட்டில்ல இருக்கா. அவ தெருவுல எல்லாமே மர வீடு. அங்கே அஸ்திவாரத்து மேல மருந்து ஏத்தின சட்டம், அடியில நீங்க போட்ட அதே ஃபோம் பட்டை. மண்ணுக்கும் மரத்துக்கும் நடுவுல 8 அங்குலம் கான்கிரீட் வெளியே தெரியணுமாம். அது தெரியாம நான் போயிருந்தப்போ புதினா போடலாம்னு சுவரோரமா மண்ணைக் குவிச்சு வச்சிட்டேன். மாப்பிள்ளை வாயைத் திறக்கலை. மறுநாள் காலையில பார்த்தா மண்வெட்டியோட நிக்கிறார்.

நங்கநல்லூர்:
பெசன்ட் நகர் சார், நம்மளுதும் ஜிஐதான். வயித்துல புளியைக் கரைச்சிட்டீங்க, ஞாயித்துக்கிழமை ஒரு நட்டைக் கழட்டிப் பார்க்கிறேன். மத்தபடி 2024 அக்டோபர் மழைக்கும் அதே இடத்துல பேப்பர் விரிச்சு வச்சேன். காலையில எடுத்து அப்பா ராசிபலன் படிச்சார், அவ்வளவு காய்ஞ்சிருந்துச்சு.