சேலத்தில் கலைப்படமும் ஆவணப்படமும் பார்த்த அனுபவங்கள்

அஸ்தம்பட்டியிலிருந்து:

"கலைப்படமெல்லாம் நம்ம ஊர்ல எடுபடாதுங்க, மெதுவா போகும், பாதியிலேயே எழுந்திருச்சுப் போயிடுவாங்க" என்று இங்கே ஒரு நண்பர் எழுதியிருந்தார். நான் பார்த்தது அப்படி இல்லை. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஏற்காட்டில் ஒண்டிக்கடையைத் தாண்டி உள்ளே போனால் வரும் ஒரு மலைக்கிராமத்தில், பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி 'கூழாங்கல்' போட்டோம். பி.எஸ். வினோத்ராஜ் இயக்கிய படம். 2021இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. மொத்தமே ஒன்றேகால் மணி நேரம்தான். கோபித்துக்கொண்டு தாய்வீட்டுக்குப் போன மனைவியைக் கூட்டிவர, குடிகார அப்பன் மகனையும் இழுத்துக்கொண்டு கிளம்புகிறான். திரும்பும்போது இரண்டு பேரும் கொளுத்தும் வெயிலில் நடந்தே வருகிறார்கள். கதை அவ்வளவுதான்.

கடைசியில் பெண்கள் ஒரு குழியில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். படம் அங்கே அவசரப்படாமல் நிற்கும். கீழே ஊரில் நண்பர்கள் வீட்டில் இதே படத்தைப் பார்த்தபோது, சரியாக அந்த இடத்தில்தான் பலர் போனை எடுத்தார்கள். மலையில் ஒருவரும் அசையவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "ஊத்து ஊற அம்புட்டு நேரம் ஆகுமில்ல" என்றார். அவர் உடனே, "அடியில சேறு கலங்காம மொள்ளுது பாரு, பழகுன கை" என்றார். படத்தைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்திலும் அந்தக் கையை யாரும் கவனித்து எழுதவில்லை.

அந்தக் காட்சியின் நீளத்தை முடிவு செய்தது இயக்குநரின் பிடிவாதம் இல்லை, ஊற்று என்று அன்றுதான் எனக்கு உறைத்தது. வீட்டில் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரும் எனக்கு அது நீளம். தினமும் குடத்தோடு காத்து நிற்பவருக்கு அது சரியான நேரம். வேகமான படங்களின் மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஆனால் 'ஜனங்களுக்குப் பொறுமை இல்லை' என்று சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. பொறுமை அவர்களிடம் இருக்கிறது. படம்தான் அவர்களிடம் போய்ச் சேருவதில்லை.

இன்னொன்று. மலைக்குப் போகிற வழியில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பழைய சினிமா ஸ்டுடியோவின் வளைவைக் கடந்துதானே எல்லோரும் போகிறோம். மலையாளத்தின் முதல் பேசும்படம் 'பாலன்' 1938இல் டி.ஆர். சுந்தரத்தின் அந்த நிறுவனத்திலிருந்துதான் வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' வந்த 1956லும் அங்கே வேலை மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. இப்போது மிஞ்சியிருப்பது வளைவு மட்டும். அந்த ஊரில் ஒரு ஆவணப்படம் பார்க்க வேட்டியைத் தேட வேண்டியிருக்கிறது. கேரளத்தில் இயக்குநர் ஜான் ஆபிரகாமும் ஒடேசா என்ற திரைப்படக் குழுவினரும் மக்களிடம் காசு சேர்த்து 'அம்ம அறியான்' படத்தை எடுத்தார்கள். அதை ஊர் ஊராகக் கொண்டுபோய்ப் போட்டும் காட்டினார்கள். 1986இல் அவர்கள் புரொஜக்டரைச் சுமந்தார்கள். நம் கையில் இருப்பதோ புத்தகம் அளவுக்கு ஒரு பெட்டி. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து:

அண்ணா சொல்வது உண்மை. எங்கள் கொலுசுப் பட்டறையில் வேலை முடிந்த பிறகு ஒரு ராத்திரி 'பைசைக்கிள் தீவ்ஸ்' போட்டேன். 1948இல் விட்டோரியோ டி சிகா எடுத்தது. இத்தாலிய மொழி, கீழே ஓடும் எழுத்து இங்கிலீஷ். பட்டறையில் பாதிப் பேருக்கு இரண்டுமே வராது. அதனால் நான் ஓரமாக நின்று முக்கியமான வசனத்தை மட்டும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அப்பனும் மகனும் ஓட்டலில் சாப்பிடும் இடத்தில் நான் வாயே திறக்கவில்லை. பக்கத்து மேசையில் இருக்கும் பணக்காரப் பையனை இவன் திரும்பித் திரும்பிப் பார்ப்பதற்கு எந்த மொழி வேண்டும்?

அடகு வைத்த சைக்கிளை மீட்கப் பணம் இல்லாமல், மனைவி படுக்கை விரிப்புகளை அடகுக்குக் கொண்டுபோவாள் இல்லையா. அந்த மூட்டையை வாங்கிய ஆள் அலமாரியில் ஏறுவான், ஏறிக்கொண்டே இருப்பான். மேலே வரை மூட்டைகள். பற்றவைக்கும் வேலை செய்யும் ஒருவர், "ஊர்ல இருக்குற அத்தனை பேரு துணியும் இங்கதான் கிடக்குதா" என்றார். பட்டறையில் சத்தம் அப்படியே அடங்கிவிட்டது. தீபாவளி முடிந்து ஆர்டர் குறையும்போது எங்கள் தெருவில் யார் யார் எதை எடுத்துக்கொண்டு அடகுக்கடைக்குப் போவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும்.

படம் முடிந்ததும் வயதான ஒருவர் கேட்டார்: "சைக்கிள மீட்டாங்க, அதுவும் போச்சு. அந்தத் துணிய மீட்டாங்களா இல்லையா?"

படம் அதைச் சொல்வதே இல்லை. எத்தனையோ தரம் பார்த்தும் எனக்கு அந்தக் கேள்வி வந்ததில்லை. கதாநாயகனாக வரும் லாம்பெர்த்தோ மாஜொரானி நிஜத்தில் ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி என்று அப்புறம் சொன்னேன். "அதான் நடிக்கிற மாதிரியே தெரியல" என்றார்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து:

நான் ஆவணப்படம் பக்கம் சொல்கிறேன். எங்கள் வீட்டில் குழித்தறி, குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து நெய்யும் கைத்தறி. அப்பா இன்னும் நெய்கிறார். கைத்தறியைப் பற்றிய ஒரு ஆவணப்படத்தை (பெயர் வேண்டாம், எடுத்தவர்கள் நல்ல எண்ணத்தில்தான் எடுத்தார்கள்) அவரை உட்காரவைத்துக் காட்டினேன். சன்னல் வெளிச்சம், வண்ண நூல், பின்னால் புல்லாங்குழல், ஊடு நூலைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பாய்கிறது. பார்க்க அவ்வளவு அழகு.

அப்பா முழுக்கப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு இழைகூட அறுபடலையே" என்றார்.

எனக்குப் பெரிய பாடம் அது. நெய்பவர் நாளில் கணிசமான நேரம் அறுந்த இழையைத் தேடி எடுத்து முடிச்சுப் போடுவதில்தான் போகிறது. முதுகு போவதும் அதில்தான், கண் போவதும் அதில்தான். அதை வெட்டி எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது சேலை விளம்பரம். அந்தப் புல்லாங்குழலும் தறிச் சத்தத்தை மூடிவிட்டது. எங்கள் தெருவில் குழந்தைகளே அந்தச் சத்தத்தில்தான் தூங்குவார்கள்.

அண்ணா சொன்ன ஊற்று மாதிரிதான் இதுவும். அறுந்த இழை எவ்வளவு நேரம் கேட்கிறதோ அவ்வளவு நேரம் கேமரா காத்திருக்க வேண்டும். அதனால் இப்போது நானே போனில் அப்பாவைப் படம் பிடிக்க ஆரம்பித்திருக்கிறேன். தறிக்குப் பக்கத்தில் ஸ்டாண்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன். இழை அறுந்தாலும் நிறுத்துவதில்லை, அவர் எழுந்து டீ குடிக்கப் போனாலும் நிறுத்துவதில்லை. படம் நன்றாக வருகிறது. ஆனால் தறி ஓடும்போது அவர் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை, பேசுவதெல்லாம் அப்போதுதான். சட்டையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக் யாரிடமாவது இருந்தால் ஒரு வாரம் இரவல் கொடுங்கள். செவ்வாய்ப்பேட்டை அண்ணா, உங்கள் பட்டறையில் முதலில் போட்டுக் காட்டுகிறேன்.