வயிற்றுப் புற்றுநோய் அறுவைக்கு முன் அப்பாவுக்கு என்ன கொடுக்கலாம்?

ரங்கூன் மகள்

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 62. இரைப்பையின் அடிப்பகுதியில் புற்றுநோய் என்று உறுதியாகி, இன்னும் மூன்று வாரத்தில் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். ஆறு மாதத்துக்கு முன் 58 கிலோ இருந்தவர் இப்போது 50 கிலோதான் இருக்கிறார்; உயரம் ஐந்தடி ஆறு அங்குலம். சர்க்கரை நோயும் உண்டு. பார்க்க வரும் உறவினர்கள் எதிர்ப்புச் சக்தி கூடும் என்று மாவும் லேகியமுமாகக் கொண்டுவந்து வைக்கிறார்கள். மருந்துக் கடையிலோ ஆர்ஜினைன் என்ற அமினோ அமிலமும் ஒமேகா-3 என்ற மீன் கொழுப்பும் சேர்ந்த வெளிநாட்டுப் பானம் ஒன்றைக் காட்டி, அறுவைக்குப் போகிறவர்கள் கட்டாயம் குடிக்க வேண்டும் என்கிறார்கள். விலையோ எங்கள் கைக்கு மீறியது. மூன்று வேளையும் கஞ்சிதான் கொடுத்துவருகிறேன். அந்தப் பானம் தேவைதானா, வீட்டுச் சாப்பாட்டிலேயே ஈடுகட்ட முடியாதா?

தாட்டோன் செவிலி

தங்கைக்கு, அறுவைப் பிரிவில் பல காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருப்பதும், உயரத்துக்குரிய எடைக் குறியீடு (BMI) 18.5-க்குக் கீழே இருப்பதும், ஊட்டக் குறைவு கடுமையாக இருப்பதற்கான அடையாளங்கள். உங்கள் தந்தைக்கு இரண்டுமே பொருந்துகின்றன. இப்படிப்பட்டவர்களுக்கு 7 முதல் 14 நாள் வரை ஊட்டம் கொடுத்துத் தேற்றிவிட்டு அறுவை செய்ய வேண்டும் என்றும், அதற்காக அறுவையைச் சற்றுத் தள்ளிவைத்தாலும் தவறில்லை என்றும் ஐரோப்பிய ஊட்டச்சத்துச் சங்கத்தின் வழிகாட்டுதல் சொல்கிறது. ஆகவே கையில் இருக்கும் மூன்று வாரம் பொன்னான காலம். அதைக் கஞ்சியில் கழித்துவிடாதீர்கள்.

ஒரு கிலோ எடைக்கு 1.5 கிராம் புரதம் என்பது கணக்கு. அவருக்கு நாளொன்றுக்கு 75 கிராம் புரதமும், சுமார் 1,500 கலோரியும் வேண்டும். வெறும் அரிசிக் கஞ்சி ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று கிராம் புரதம் இருந்தால் பெரிது. ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம். அதே கஞ்சியில் முட்டையை அடித்து ஊற்றுங்கள், மீனை முள் நீக்கி மசித்துச் சேருங்கள், ஒரு கரண்டி எண்ணெயும் விடுங்கள். கடலைமாவில் செய்யும் ஷான் தோஃபு மெதுவாக இறங்கும், பருப்பும் கைகொடுக்கும்.

பானத்தைப் பற்றி: அறுவைக்குப் பிறகு உடலில் ஆர்ஜினைன் வேகமாகக் குறைந்து, தொற்றை எதிர்க்கும் டி-செல்கள் சோர்ந்துவிடுகின்றன, ஒமேகா-3 அளவு மீறிய அழற்சியைத் தணிக்கிறது, மரபணுப் பொருளின் கட்டுமானத் துண்டுகளான நியூக்ளியோடைடுகள் புதிதாகப் பெருகும் செல்களுக்கு உதவுகின்றன. இம்மூன்றையும் சேர்த்த பானம், ஊட்டக் குறைவுள்ள புற்றுநோயாளிகளுக்கு அறுவையை ஒட்டி 5 முதல் 7 நாள் கொடுக்கப்படுகிறது. பல ஆய்வுகளில் தொற்றுகள் குறைந்திருக்கின்றன. உயிரிழப்பு குறைந்ததாகத் தெளிவில்லை. நன்றாக ஊட்டம் பெற்றிருந்தவர்களிடம் ஜப்பானில் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வில் எந்தப் பயனும் தெரியவில்லை. எனவே கடைக்காரர் எல்லோருக்கும் கட்டாயம் என்பது வியாபாரப் பேச்சு. ஆனால் உங்கள் தந்தையின் நிலைமைக்கு அறுவை மருத்துவரிடம் கேட்பது நியாயம். ஒரு வாரத்துக்கு மட்டும் வாங்கினால் போதும். அதற்கும் வசதியில்லை என்றால், சாதாரணப் புரதப் பானமும் முட்டையும் மீனும் முறையாகக் கொடுப்பதே முதல் காரியம்.

ஒரு எச்சரிக்கை. கட்டி அடிப்பகுதியில் இருப்பதால் வழி அடைபட்டு, சாப்பிட்டது அப்படியே வாந்தியாக வந்தால் வற்புறுத்தி ஊட்டாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். குழாய் வழியாகவோ இரத்த நாளம் வழியாகவோ ஊட்டம் கொடுக்க வேண்டியிருக்கும். பல நாள் ஒன்றும் சாப்பிடாதவருக்குத் திடீரென்று நிறையக் கொடுத்தால் இரத்தத்தில் பாஸ்பேட்டும் பொட்டாசியமும் சரிந்து ஆபத்தாகும் என்பதால், அளவைப் படிப்படியாகவே கூட்ட வேண்டும்.

மோல்மேன் தம்பி

அக்கா சொன்னதற்கு மேல், அறுவைக்குப் பிந்தைய காலத்தையும் இப்போதே யோசித்துவையுங்கள். என் அம்மாவுக்கு இரைப்பை முழுவதையும் எடுத்துவிட்டார்கள். சிறிதளவாக ஆறு ஏழு வேளை சாப்பாடு, சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்காமல் அரை மணி கழித்துக் குடிப்பது என்று பழக்கினோம். உறைபால் ஊற்றிய லெப்பெயே (பர்மியத் தேநீர்) ஒரு கோப்பை குடித்த சில நிமிடங்களில் வியர்த்து, படபடத்து, வயிறு புரட்டி உட்கார்ந்துவிடுவார். இனிப்பு நேராகக் குடலுக்குள் இறங்குவதால் அப்படி ஆகிறது என்றார்கள். சாப்பிட்டபின் பனைவெல்லக் கட்டியை வாயில் போடும் நம்மூர் வழக்கத்தையும் விட்டோம். மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸில் போடும் வாழைத்தண்டு போன்ற நார்ப்பொருளையும் ஒதுக்கினோம்.

ஙாத்தலௌ (ஹில்சா) மீனை வாங்கி, எலுமிச்சைப்புல்லும் வினிகரும் சேர்த்துச் சிறுதீயில் மணிக்கணக்காக வேகவைப்பார்களே, அதுதான் அம்மாவுக்குப் பிடித்தது. முள்ளும் கரைந்துவிடும், ஒமேகா-3-யும் அதில் தாராளம். உப்பையும் காரத்தையும் மட்டும் குறைத்துக்கொண்டோம். முழு இரைப்பையும் போய்விட்டால் வைட்டமின் பி12 உணவிலிருந்து சேராது. கல்லீரலில் இருக்கும் சேமிப்பு தீரச் சில ஆண்டு ஆகும் என்பதால் பலர் ஊசியை மறந்துவிடுகிறார்கள். இரும்புச் சத்தையும் பார்க்க வேண்டும்.

ரங்கூன் மகள்

இருவருக்கும் மிக்க நன்றி. இன்றே முட்டைக் கஞ்சி தொடங்கிவிட்டேன். லேகியங்களை என்ன செய்வது? சர்க்கரை இருப்பதால் பானம் ஒத்துக்கொள்ளுமா?

தாட்டோன் செவிலி

லேகியங்களில் வெல்லமும் தேனும் நிறைய. சில மூலிகைகள் இரத்தம் உறைவதையும் தாமதப்படுத்தும். கொண்டுவந்தவர்கள் மனம் நோகாதபடி வாங்கி வைத்துவிட்டு, அறுவை முடியும்வரை எதையும் கொடுக்காதீர்கள். இதுவரை கொடுத்தவற்றின் பெயர்களை எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை கூடுதலாக இருந்தால் காயத்தில் தொற்று ஏற எளிது என்பதால், பானம் தொடங்கிய நாள் முதல் சர்க்கரை அளவைத் தினமும் பார்த்து, மாத்திரையோ இன்சுலினோ மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். அறுவைக்கு இரண்டு மணி நேரம் முன்புவரை சர்க்கரைநீர் கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. வயிறு சரியாகக் காலியாகாதவருக்கும் சர்க்கரை நோயாளிக்கும் அது எல்லா நேரமும் பொருந்தாது. மயக்க மருத்துவரிடம் இரண்டையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.