புதுப்பிப்பு: மீனு ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டாள்

எங்கள் 9 வயது நாட்டு நாய் மீனுவுக்கு முலைக்காம்புப் பக்கம் கட்டி, இந்த வயசில் மயக்க மருந்து தாங்குமா என்று போன வாரம் பயந்து கேட்டிருந்தேன். நேற்று ஆபரேஷன் முடிந்தது. நன்றாக இருக்கிறாள்.

நீங்கள் சொன்ன ரத்தப் பரிசோதனையை டாக்டரே முதலில் எழுதிக் கொடுத்தார். மயக்க மருந்தை உடம்பிலிருந்து வெளியேற்றுவது கல்லீரலும் சிறுநீரகமும்தானே, அவை நன்றாக வேலை செய்கின்றனவா என்று பார்க்கத்தான். முந்தின ராத்திரி 10 மணிக்குப் பிறகு சாப்பாடு இல்லை. மயக்கத்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும். காலையில் அம்மா மனசு கேட்காமல் பிஸ்கட்டோடு வந்தார், தடுத்துவிட்டேன். (முயல் வளர்ப்பவர்கள் இப்படிப் பட்டினி போடாதீர்கள். முயலுக்கு வாந்தியே வராது. வயிறு காய்ந்தால் குடல் ஓட்டம் நின்றுவிடும்.)

வெளியே கொண்டு வந்தபோது நாக்கு ஓரமாகத் தொங்கியது, கண்ணில் களிம்பு பளபளத்தது, காது சில்லென்று இருந்தது. தெர்மாமீட்டர் 98 காட்டியது. நாய்க்கு 101 டிகிரி வாக்கில் இருக்க வேண்டும். கம்பளியில் சுற்றி மடியிலேயே வைத்திருந்தேன். உதட்டைத் தூக்கித் தூக்கி ஈறு வெளுக்கிறதா என்று பார்த்தேன். சாயங்காலம் என் குரல் கேட்டு வாலை ஒரே ஒரு தடவை தட்டினாள். அழுதுவிட்டேன்.

கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ரிசல்ட் வந்ததும் எழுதுகிறேன்.