கணினிக்குள் நடை பழகிய உயிரிகள்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

என் அனுபவத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் முன்பு, மழையால் வீட்டிலேயே அடைந்து கிடந்த ஒரு வாரத்தில், லேப்டாப்பில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். நாலைந்து புள்ளிகள், அவற்றை இணைக்கும் ஸ்பிரிங்குகள். அவற்றில் சில மட்டும் தசை மாதிரி சுருங்கி விரியும். எத்தனை புள்ளி, எது தசை, எவ்வளவு வேகத்தில் சுருங்க வேண்டும் என்பதெல்லாம் தாயக்கட்டை உருட்டின மாதிரி வரும். இப்படி நூறு உயிரிகள். பத்து நொடி ஓடவிட்டு, அதிக தூரம் போன இருபது மட்டும் அடுத்த தலைமுறைக்குப் பெற்றோர். பிள்ளைகளில் அங்கங்கே ஓர் எண்ணைக் கொஞ்சம் மாற்றிவிடுவேன். எப்படி நடக்க வேண்டும் என்று ஒரு வரிகூட நான் எழுதவில்லை.

முதல் தலைமுறையில் பாதி சரிந்து கிடந்தன, மீதி இருந்த இடத்திலேயே துடித்தன. பன்னிரண்டாம் தலைமுறை வாக்கில் தூரம் திடீரென்று ஏறியது. படத்தைப் போட்டுப் பார்த்தால் எல்லாம் பனைமரம் மாதிரி நெட்டையாக வளர்ந்திருந்தன. தொடங்கியதும் முன்பக்கம் சாயும், விழும், அதோடு சரி. ஆள் எவ்வளவு உயரமோ அவ்வளவு தூரம் தலை முன்னால் போய்விடும். நான் தலை எட்டிய தூரத்தைத்தான் அளந்துகொண்டிருந்தேன்.

அப்புறம்தான் கார்ல் சிம்ஸ் 1994இல் எழுதிய கட்டுரையைத் தேடிப் படித்தேன். பெட்டி பெட்டியாக உடம்பு கொண்ட உயிரிகளை நீந்தவும் நடக்கவும் குதிக்கவும் வைத்தவர் அவர். உடம்பின் வடிவமும் அதை இயக்கும் மூளையும் சேர்ந்தே பரிணமிக்கும். முந்நூறு உயிரிகள், நூறு தலைமுறை என்றால் 32 செயலிகள் கொண்ட அன்றைய பெரிய கணினியில் சுமார் மூன்று மணி நேரம் ஆகுமாம். விழுந்தே ஜெயிக்கும் இந்தச் சிக்கல் அவருக்கும் வந்திருக்கிறது. அதனால் சோதனைக்கு முன் தசை விசையையும் உராய்வையும் நிறுத்திவிட்டு, உயிரியின் நிறை மையம் இதற்குமேல் கீழே இறங்காது என்ற நிலை வரும்வரை காத்திருப்பார். விழ வேண்டியது விழுந்து முடிந்த பிறகுதான் கடிகாரம் ஓடும். நானும் அப்படியே மாற்றினேன்.

அடுத்து வேறொன்று வந்தது. மூன்றே புள்ளி கொண்ட ஒரு குட்டி, எண்ணெயில் போட்ட கடுகு மாதிரி தெறித்துத் திரைக்கு வெளியே போனது. தரையை நான் ஒரு விறைப்பான ஸ்பிரிங்காக எழுதியிருந்தேன்; உள்ளே புதைந்த காலை அது வெளியே தள்ளும். இந்தக் குட்டி காலைப் படுவேகமாக அடித்ததில், கணக்கின் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே கால் தரைக்குள் ஆழமாகப் போய்விட்டது. தரையோ, வாங்கியதைவிட அதிகமான ஆற்றலைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. இயற்பியல் கணக்கில் சின்ன ஓட்டை இருந்தாலும் இந்த உயிரிகள் கண்டுபிடித்துப் பயன்படுத்திவிடும் என்று சிம்ஸும் எச்சரித்திருக்கிறார். கணக்கின் படிகளுக்கு நடுவே உள்ள கால இடைவெளியை நான்கில் ஒரு பங்காகக் குறைத்தேன். தெறிப்பது நின்றது.

மூன்றாம் நாள் ராத்திரி நான் பார்த்தது இன்னும் கண்ணிலேயே இருக்கிறது. நான்கு புள்ளி உயிரி. பின்கால் நீளம், முன்கால் குட்டை. பின்கால் ஊன்றித் தள்ளும்போது முன்கால் லேசாகத் தூக்கிக்கொள்ளும். பின்கால் மடங்கி வரும்போது முன்கால் தரையைப் பிடித்து, உடம்பு பின்னால் போகாமல் நிறுத்தும். சில குழந்தைகள் தவழாமல், ஒரு காலை மடக்கி உட்கார்ந்தபடியே நகருமே, அதே நடை. பிடிக்க வேண்டிய நேரத்தில் பிடித்து, விட வேண்டிய நேரத்தில் விட அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை. சும்மா பார்க்கலாமே என்று பின்காலை மட்டும் என் கையால் கொஞ்சம் நீட்டினேன். குப்புற விழுந்தது. எழவே இல்லை. நடை அந்த உடம்புக்குள்ளேயே இருந்திருக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

*

நான் பிசியோதெரபிஸ்ட். நீங்கள் காலை நீட்டியதும் விழுந்ததே, அதை வாரா வாரம் பார்க்கிறேன். முழங்கால் மாற்று அறுவை முடிந்து வரும் பெரியவர்களில் பலருக்கு வருடக்கணக்கில் வளைந்திருந்த கால் ஒரே நாளில் நேராகிவிடும். இருபுறமும் கம்பியைப் பிடித்து நடக்கச் சொன்னால் பழைய காலுக்கான நடையையே நடப்பார்கள். இடுப்பைத் தூக்கித் தூக்கி வைப்பார்கள். முட்டி புதுசு, நடை பழசு. வலி குறைந்த பிறகும் பல வாரம் அப்படித்தான்.

எனக்குப் பிடித்தது 2013இல் கெய்டன்பீக்கும் அவருடைய கூட்டாளிகளும் செய்த இரண்டு கால் உயிரிகள். மனிதர்களின் நடையைப் பதிவு செய்து கொடுக்காமலே நடக்க வைத்தார்கள். தசை எலும்பில் எந்த இடத்தில் ஒட்ட வேண்டும் என்பதையும் கணினியையே தேட விட்டார்கள். நரம்பில் செய்தி போய்ச் சேர ஆகும் தாமதம்கூட அதில் உண்டு. ஆரம்பத் தலைமுறைகள் தடுமாறுவதைப் பாருங்கள்: முட்டியை விறைத்துக்கொண்டு, அடி எடுத்து வைக்கப் பயந்த மாதிரி இருக்கும். என் மாணவிகளுக்கு அதைப் போட்டுக் காட்டி, எந்தத் தசை தாமதமாக வேலை செய்கிறது என்று கேட்பேன்.

*

எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். பலகோண உடம்பில் சக்கரம் ஒட்டிய வண்டிகள் மேடு பள்ளத்தில் பரிணமிப்பதைக் கணினி அறையில் காட்டினேன். ஒரு வண்டிக்குக் கூரைமேல் ஒரு சக்கரம். எதற்குமே உதவாமல் பல தலைமுறை கூடவே வந்தது. அப்புறம் ஒரு செங்குத்தான மேட்டில் வண்டி கவிழ்ந்தது. கவிழ்ந்தபடியே அந்தச் சக்கரத்தால் ஓடியது. வகுப்பே எழுந்து கத்தியது.

*

பிசியோதெரபிஸ்ட் அக்கா சொன்னதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒன்று சொல்கிறேன். ரோபோட்டிக்ஸ் படிக்கிறேன். பாரிஸில் ஒரு ஆறு கால் ரோபோவுக்கு முதலில் சிமுலேஷனிலேயே சுமார் 13,000 நடைகளைத் தேடி வைத்தார்கள். 2015இல் நேச்சர் இதழில் வந்தது. நிஜத்தில் கால் ஒடிந்தால், கையிருப்பில் உள்ள நடைகளில் சிலவற்றை முயன்று பார்த்து, இரண்டு நிமிடத்துக்குள் ஒத்துவரும் ஒன்றைப் பிடித்துவிடும். அந்தத் தேடலில் ஒவ்வொரு பாதமும் எவ்வளவு நேரம் தரையைத் தொட வேண்டும் என்று பல அளவுகள் கொடுத்திருந்தார்கள். ஒரு பாதமும் தரையைத் தொடவே கூடாது என்ற கட்டத்துக்கு விடையே வராது என்றுதான் நினைத்தார்கள். அந்த ரோபோ மல்லாந்து படுத்து, மடக்கிய கால்களின் மூட்டுகளால் நடந்துவிட்டது.

அண்ணா, உடம்பை மாற்றியதும் விழுகிறது என்றீர்களே, அதற்கும் ஒரு வழி இருக்கிறது. 2018இல் செனியும் போங்கார்டும் இன்னும் சிலரும் செய்தது: உடம்பு மாறிய பிள்ளையை, நன்றாகத் தேறிவிட்ட மூத்தவற்றோடு உடனே போட்டியிட விடாமல், புது உடம்புக்கு மூளை பழகும்வரை கொஞ்சம் அவகாசம் கொடுத்தார்கள். முயன்று பாருங்கள்.

*

தம்பி, போன வாரம் முயன்றேன். உடம்பு மாறினால் நாற்பது தலைமுறைக்கு யாரும் அதை வெளியேற்ற முடியாது என்று வைத்தேன். பின்கால் நீண்ட ஒன்று முப்பது தலைமுறை முழுக்கக் குப்புற விழுந்துகொண்டே இருந்தது. பழைய விதிப்படி முதல் சுற்றிலேயே போயிருக்கும். முப்பத்தொன்றில் தள்ளும் வேகத்தைக் குறைத்துக்கொண்டு, விழாமல் இரண்டு அடி வைத்தது. நேற்று இரவு பார்த்தபோது, பின்கால் நீளாத பழைய உயிரி போன தூரத்தைத் தாண்டியிருந்தது. உட்கார்ந்து நகரவில்லை. இரண்டு காலும் தரையை விட்டு எழும்பி, தத்தித் தத்திப் போகிறது.