கலைச்சொல் விவாதம்: ‘ட்வால்’ தமிழில் என்ன?

வணக்கம்.

பழங்கால ஐரோப்பிய உடைகளை ஆட்களுக்கும் பொம்மைகளுக்கும் தைப்பவர்களுக்காக நாம் தொகுத்துவரும் சொற்பட்டியலில், ஒரே ஒரு சொல்லில் மூன்று வாரமாக நிற்கிறேன். நல்ல துணியில் கத்திரி வைக்கும் முன் மலிவுத் துணியில் அதே வெட்டில் ஒன்றைத் தைத்து, உடம்பில் போட்டு, இழுக்கிற இடத்தில் பிரித்து, தொங்குகிற இடத்தில் குண்டூசி குத்திப் பார்ப்போமே, அது. பிரெஞ்சில் ட்வால் (toile). பிரிட்டன்காரர்களும் அதையே சொல்கிறார்கள். அமெரிக்காவில் மஸ்லின்.

(எழுத்தைப் பார்த்து ‘டாய்ல்’ என்று படித்தால் எங்கள் வகுப்பில் சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை, டாய்லெட்டுக்கும் இதற்கும் நிஜமாகவே உறவு உண்டு. மேசையில் விரிக்கும் சின்ன ட்வால், அப்புறம் அந்த அலங்கார மேசை, அப்புறம் அலங்காரம், கடைசியில் கழிவறை.)

சிக்கல் என்னவென்றால் எல்லாமே துணியின் பெயர். ட்வால் என்றாலே நெய்த துணி. மஸ்லின் ஈராக்கின் மோசுல் பெயரால் வந்தது. காலிகோ நம் பக்கத்துக் கோழிக்கோடு. அதிலும் காலிகோ பிரிட்டனில் வெளுக்காத வெறும் பருத்தி, அமெரிக்காவில் பூப்போட்ட அச்சுத்துணி. போன ஆண்டு ஓர் அமெரிக்கக் குறிப்பைப் பெயர்த்தபோது “முதலில் மஸ்லினில் தைத்துப் பாருங்கள்” என்று எழுதிவிட்டேன். அவர்கள் சொன்னது நம் காடாத்துணியை. மாணவி ஒருவர் என்னை நம்பி நல்ல மல்மல் (மெல்லிய அசல் மஸ்லின்) நான்கு மீட்டர் வாங்கி, 18ஆம் நூற்றாண்டுக் கச்சு ஒன்றை அதில் தைத்துப் பார்த்தார். விறைப்புக் குச்சி செருகும் சந்துகள் கயிற்றை இழுத்த முதல் இழுப்பிலேயே கிழிந்தன. தப்பு என்னுடையது.

அதே குறிப்பின் அடுத்த பக்கத்தில் அசல் மஸ்லினும் வருகிறது. ராணி மரி அந்துவானெத்தை வெள்ளை மஸ்லின் கவுனில் விஜே லெ ப்ரன் வரைந்த படம் 1783இல் பாரிஸ் கண்காட்சிக்கு வந்தது. ராணி உள்ளாடையோடு நிற்பதா என்று ஊர் கொதித்ததும் அதை இறக்கிவிட்டு, பட்டுடையில் வேறொரு படத்தை மாட்டினார்கள். அந்தக் கவுனைத் தைக்க நினைப்பவருக்கு ஆங்கிலம் என்ன சொல்லும்? ‘மஸ்லின் கவுனுக்கு முதலில் ஒரு மஸ்லின் தையுங்கள்.’

என் பரிந்துரைகள்: காடா உடை, மாதிரி உடை, ஒத்திகைச் சட்டை. மூன்றாவதன் மேல்தான் எனக்கு ஆசை.

* * *

அக்கா, வணக்கம்.

ஒத்திகை நல்ல சொல். சட்டைதான் உதைக்கிறது. யாழ்ப்பாணத்தில் சட்டை என்றால் பெண்பிள்ளைகள் போடுகிற கவுன்; ஆண்கள் போடுவது சேட். உங்கள் ஊரில் சட்டை என்றதும் முதலில் ஆண்களின் சட்டைதானே நினைவுக்கு வரும்? ஒரே பட்டியலை இரண்டு கரையிலும் வாசிக்கப்போகிறார்கள்.

காடா உடையையும் விட்டுவிடுங்கோ. நான் பொம்மைக்குத்தான் அதிகம் தைக்கிறேன். பார்பி 1959இல் இருந்து பதினொன்றரை அங்குலம், ஏறத்தாழ ஆளின் ஆறில் ஒரு பங்கு. அளவை ஆறால் வகுக்கலாம், துணியின் தடிப்பை வகுக்க முடியாது. மூன்று மீட்டர் பாவாடைச் சுற்று ஐம்பது சென்டிமீட்டர் ஆகும், சரி. அதைக் காடாவில் சுருக்கினால் பொம்மையின் இடுப்பில் சைக்கிள் டயர் மாட்டியது போல நிற்கும். வெட்டு பிழையா, துணி பிழையா என்று பிறகு எப்படித் தெரியும்? நான் பரீட்சித்துப் பார்ப்பது பழைய கைக்குட்டையில், இல்லாவிட்டால் தேய்ந்த வேட்டித் துண்டில். உங்கள் மாணவி வாங்கிய மல்மல் எனக்கென்றால் சரியாக இருந்திருக்கும்!

* * *

அன்புடையீர்,

எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. சொல்லைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

புதுத்தேர் செய்தால் சுவாமியை ஏற்றுமுன் வெறுந்தேரை நான்கு வீதியும் இழுத்துப் பார்க்கிறோம். அச்சு முறுக்குகிறதா, முனையில் திரும்புகிறதா என்று அதில் தெரிந்துவிடும். வெள்ளோட்டம் என்ற சொல்லைப் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை, எல்லார் வாயிலும் இருக்கிறது. ஒத்திகை ஆட்கள் பழகிக்கொள்வது. வெள்ளோட்டம் செய்த பொருளைச் சோதிப்பது. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது. ‘உடை’ என்ற ஒட்டும் தேவையில்லை என்பது என் கருத்து.

* * *

ஐயா, வணக்கம். நான் தையல் கடை வைத்திருக்கிறேன். உங்கள் சொல் காதுக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

> வெறுந்தேரை நான்கு வீதியும் இழுத்துப் பார்க்கிறோம்

வெள்ளோட்டம் போன அதே தேரில்தானே சாமி ஏறுகிறார்? இங்கே சோதித்தது வேறு, உடுத்துவது வேறு. நிஜத்துணியிலேயே ஓட்டுத்தையல் போட்டு ஆளை வரச்சொல்லிப் பார்ப்பதும் எங்களிடம் உண்டு, கோட்டுக்குச் செய்வோம். அதற்கு டிரையல் என்போம். வெள்ளோட்டம் என்றால் என் கடைப் பையன்கள் அதைத்தான் நினைப்பார்கள்.

இன்னொன்று, ஓட்டத்தை எப்படித் தைப்பது, எப்படிப் பிரிப்பது?

மாதிரி உடையும் வேண்டாம், சொல்லிவிட்டேன். “அளவு ஜாக்கெட் கொண்டு வாங்க” என்றால் வாடிக்கையாளர் ஏற்கெனவே போட்டுப் பழகிய ஜாக்கெட்டைக் கொண்டுவருவார். மாதிரி என்றாலும் அதே ஜாக்கெட்தான் வந்து நிற்கும்.

* * *

அனைவருக்கும்,

இரண்டு நாள் யோசித்தேன். ஒத்திகையை விட மனசில்லைதான், ஆனாலும் ஐயா பக்கம் சாய்ந்துவிட்டேன்.

ஓட்டத்தை எப்படித் தைப்பது என்ற கேள்விக்குப் பள்ளி இலக்கணமே போதும். ‘வற்றல் தின்றான்.’ வற்றுவது தொழில், தின்பது வற்றிய காய். தொழிலாகுபெயர். நம் தொழிலின் பெயரே அப்படித்தானே? தையல் செய்கை, ‘தையல் விட்டுப்போச்சு’ என்றால் நூல். ஆகவே வெள்ளோட்டத்தைத் தைக்கலாம், பிரிக்கலாம், இஸ்திரி போட்டு மடித்தும் வைக்கலாம்.

அதே தேர் என்ற ஆட்சேபம்தான் கனமானது. அதற்குப் பதில் தேட பழைய முறையைப் பார்க்க வேண்டியிருந்தது. 18ஆம் நூற்றாண்டில் பெண்களுக்குக் கவுன் தைத்தவர்கள் தனியாகச் சோதனை உடை எதுவும் தைக்கவில்லை. லைனிங் துணியை அம்மணியின் உடம்பிலேயே குத்தி வெட்டிப் பொருத்தினார்கள். அந்த லைனிங்கின் மேல் பட்டு ஏறியது. அதாவது வெள்ளோட்டம் போன தேரிலேயே சாமி! பிற்காலத்தில்தான் சோதனை தனித்துணிக்குப் போனது. 1912இல் பாரிசில் சொந்தக் கடை திறந்த மத்லேன் வியோனே இன்னும் ஒரு படி போனார். குறுக்கு வெட்டுக் (இழைக்குக் கோணலாக வெட்டிய) கவுன்களை ஆளின் மேல் அல்ல, ஏறக்குறைய ஆளில் பாதி உயரமுள்ள மரப்பொம்மையின் மேல் துணியை விழவிட்டு உருவாக்கினார். ஆளுக்கான உடைக்குப் பொம்மை மேல் சோதனை.

லைனிங்கா, காடாவா, கைக்குட்டையா, ஆளா, பொம்மையா என்பதெல்லாம் மாறுகிறது. மாறாதது வெட்டு. ஓட்டிப் பார்ப்பது வெட்டைத்தான். அதே வெட்டில்தான் கடைசியில் பட்டும் ஏறுகிறது. ஆகவே தையல்கடை அண்ணன் கேட்ட தேர் வெட்டு, துணி இல்லை. டிரையலோடு குழம்பும் என்ற பயம் நியாயமானது. அதைத் தனியாக ‘போட்டுப் பார்த்தல்’ என்று எழுதுகிறேன், கடையிலும் அப்படிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன்.

நேற்று அதே மாணவியிடம், காரணம் எதுவும் சொல்லாமல், “கச்சுக்கு வெள்ளோட்டம் தைச்சாச்சா?” என்று கேட்டேன். “தைச்சாச்சு, இடது பக்கம் அரை இஞ்ச் பிடிக்கணும்” என்றாள். என்ன கேட்கிறேன் என்று திருப்பிக் கேட்கவில்லை.

பட்டியலில் இப்படிப் போகும்:

ட்வால்: வெள்ளோட்டம். நல்ல துணியை வெட்டுமுன், வெட்டைச் சோதிக்க வேறு துணியில் தைக்கும் உடை. வெள்ளோட்டத் துணி: அதற்கு எடுக்கும் துணி, முடிவான துணியின் கனத்துக்கும் விழுகைக்கும் நெருக்கமானது. பொம்மைக்குக் காடா ஆகாது.

கடைசி வரி யாழ்ப்பாணத் தங்கைக்காக. பொதுவாக அகராதிப் பதிவில் புத்திமதி கூடாது, இங்கே இருந்துவிட்டுப் போகட்டும். மஸ்லின் என்ற பதிவில் மெல்லிய துணி மட்டும். என் பழைய குறிப்பையும் திருத்திவிட்டேன்.

திங்கட்கிழமைக்குள் வேறு ஆட்சேபம் வராவிட்டால் ஏற்றிவிடுகிறேன். அடுத்தது டார்ட், உடம்பின் வளைவுக்காகத் துணியை மடித்துத் தைப்பது. கடையில் ‘டாட் பிடிக்கிறது’ என்கிறார்கள். ‘பிடிப்பு’ என்று எழுதினால் முதுகுப் பிடிப்பு நினைவுக்கு வருமா என்று அண்ணன்தான் சொல்ல வேண்டும்.